ஜி.டி.நாயுடு: எந்த இன்ஜினையும் கழற்றிப் பார்த்தவரின் 2,000 ரூபாய் கார் ஏன் சாலைக்கு வரவில்லை?

கோவை உப்பிலிபாளையத்தில் ஏறினால் கோல்டுவின்ஸில் இறங்கலாம். நடுவில் சிக்னல் கிடையாது. அவிநாசி சாலையில் 10.1 கிலோமீட்டர் நீளத்துக்குக் கட்டப்பட்ட அந்த மேம்பாலத்தை 2025 அக்டோபர் 9-ம் தேதி முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் திறந்து வைத்தார். பாலத்துக்கு வைத்த பெயர் ஜி.டி.நாயுடு. திறந்த கையோடு சர்ச்சையும் கிளம்பியது. தெருப் பெயர்களில் இருக்கும் சாதி ஒட்டுகளை நீக்கச் சொல்லி அரசாணை வந்த அதே வாரத்தில், புதுப் பாலத்தின் பெயரில் சாதி இருக்கலாமா என்பதுதான் கேள்வி. டி.வி விவாதம், எக்ஸ் தளச் சண்டை, மீம்ஸ் எல்லாம் ஓடியது.

அந்தச் சண்டையில் பெயரின் கடைசிச் சொல்லைப் பற்றி நிறையப் பேசினார்கள். அதற்கு முன்னால் இருக்கும் 'ஜி.டி.' யார், என்ன செய்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. மாதவன் நடிக்கும் படம் ஒன்று வரப்போவதாக அறிவிப்பு வந்ததால் பெயர் மட்டும் பலருக்குத் தெரியும். 'இந்தியாவின் எடிசன்' என்ற பட்டமும் தெரியும். இந்தப் பட்டம் அவருக்கு அவ்வளவு பொருத்தமாக எனக்குப் படவில்லை. ஏன் என்று போகப் போகப் பார்ப்போம்.

மண்ணை வீசிவிட்டு ஓடிய பையன்

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23 அன்று பிறந்தார். ஊர் கலங்கல், சூலூருக்குப் பக்கம். விவசாயக் குடும்பம். சின்ன வயதிலேயே அம்மா இறந்துவிட்டார். பள்ளிக்கூடம் சுத்தமாகப் பிடிக்கவில்லை. வாத்தியார் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஓடிய கதை கோவைப் பக்கம் இன்றைக்கும் சொல்லப்படுகிறது. மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. பிறகு தோட்டத்து வேலை.

அவரது வாழ்க்கையை மாற்றியது ஒரு மோட்டார் பைக். லங்காஷயர் என்ற வெள்ளைக்கார வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் அந்தப் பக்கம் பைக்கில் வருவார். மாடு இழுக்காமல், யாரும் தள்ளாமல், தானாக ஓடும் வண்டியைத் துரைசாமி பார்த்தது அதுதான் முதல் தடவை. ஒரு நாள் அந்த வண்டி நின்றுபோனதாகவும், மண்ணெண்ணெய் வாங்கிக் கொடுத்து உதவிய பையன், அதிகாரி பாகங்களைத் துடைத்து மறுபடி ஸ்டார்ட் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்ததாகவும் சொல்வார்கள்.

அந்த வண்டி தனக்கு வேண்டும் என்று நினைத்தார். கையில் காசு இல்லை. ஊரைவிட்டுக் கோயம்புத்தூருக்கு வந்து ஒரு ஹோட்டலில் சர்வராக வேலைக்குச் சேர்ந்தார். இலை எடுத்து, காபி ஆற்றி, சில வருடங்களில் சில நூறு ரூபாய் சேர்த்தார். நேராக லங்காஷயரிடம் போய், அந்த 'ரட்ஜ்' பைக்கை விலைக்கு வாங்கினார்.

வாங்கி ஊர் சுற்றியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் அதைத் துண்டு துண்டாகக் கழற்றினார். திரும்பவும் மாட்டினார். மறுபடியும் கழற்றினார். ஆங்கிலம் தெரியாது. சொல்லித்தர ஆளும் கிடையாது. எந்தப் பாகம் எதற்கு என்று கையால் தடவிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அந்த பைக்குக்குள்ள அப்படி என்ன இருந்தது?

இங்லாந்தின் கவென்ட்ரி நகரத்தில் செய்யப்பட்ட ரட்ஜ், அந்தக் காலத்தில் ஒற்றை சிலிண்டர் வண்டி. இன்ஜினில் இருந்து பின் சக்கரத்துக்கு பெல்ட் போகும். சிலிண்டர், பிஸ்டன், வால்வு எல்லாம் இன்றைய பைக்கிலும் இருப்பவைதான். பெரிய வித்தியாசம், பெட்ரோல் உள்ளே போகும் வழியில் இருக்கிறது.

பெட்ரோல் தனியாக எரியாது, காற்று வேண்டும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடைக் கணக்கில் கிட்டத்தட்ட 15 பங்கு காற்று. இந்தக் கலவையைத் தயார் செய்து கொடுக்கும் பாகம்தான் கார்புரேட்டர். பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றை உறிஞ்சும். கார்புரேட்டரின் குறுகலான கழுத்து வழியாகக் காற்று வேகமாகப் போகும்போது அங்கே அழுத்தம் குறையும், அந்த இழுப்பில் பெட்ரோல் பொடித் துளியாக வந்து காற்றோடு கலக்கும். கலந்தது இன்டேக் மேனிஃபோல்டு என்ற குழாய் வழியாக சிலிண்டருக்குப் போய்ச் சேரும்.

கேட்க சிம்பிளாக இருக்கும். ஆனால் தொல்லை முழுக்க இந்தக் குழாயில்தான். அதில் போவது வெறும் காற்று இல்லை, ஈரக் காற்று. குளிர் காலையில் பெட்ரோல் துளிகள் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும், வண்டி இருமும். பஸ் மாதிரி நாலு, ஆறு சிலிண்டர் இருந்தால் கார்புரேட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் சிலிண்டருக்கு ஒரு கலவை போகும், கடைசியில் இருப்பதற்கு வேறொரு கலவை போகும். வளைவு, நீளம், உட்சுவரின் சொரசொரப்பு எல்லாமே கணக்கு. நல்ல மெக்கானிக் காதை வைத்துக் கேட்டே இதைச் சொல்லிவிடுவார்.

ஃப்யூல் இன்ஜெக்ஷன் இந்தப் பிரச்சினையை வேறு பக்கத்தில் இருந்து தீர்க்கிறது. மேனிஃபோல்டு வெறும் காற்றை மட்டும் கொண்டுபோகும். பெட்ரோலை வால்வுக்குப் பக்கத்திலேயே இன்ஜெக்டர் பீய்ச்சும், எவ்வளவு என்பதை ஒரு சின்ன கம்ப்யூட்டர் முடிவு செய்யும். 2020 ஏப்ரல் 1-ல் பி.எஸ்-6 விதிகள் வந்த பிறகு இந்தியாவில் புது பைக்குகள் அநேகமாக எல்லாமே இந்த முறைக்கு மாறிவிட்டன.

பழைய கார்புரேட்டர் வண்டியை இன்ஜெக்ஷனுக்கு மாற்ற ஆசைப்படுபவர்கள் முதலில் கை வைப்பதும் மேனிஃபோல்டில்தான். அலுமினியக் குழாயில் துளை போட்டு, இன்ஜெக்டர் உட்காரும் குமிழை வெல்டிங் வைக்க வேண்டும். பீய்ச்சும் பெட்ரோல் சுவரில் படாமல் வால்வின் முதுகில் விழும்படி சாய்வு இருக்க வேண்டும். கார்புரேட்டர் இருந்த இடத்தில் த்ராட்டில் பாடி வரும். அழுத்தத்தோடு பெட்ரோல் அனுப்பும் பம்ப் வேண்டும், காற்றின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் அளக்கும் சென்சார்கள் வேண்டும். ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் வெளிக்காற்று கசிந்தால்கூட ஐட்லிங் ஏறி இறங்கும். நல்ல லேத் பட்டறையும் பொறுமையும் இருந்தால் செய்யக்கூடிய வேலை.

ஆனா ஒன்று. ஆர்.சி புத்தகத்தில் இருக்கும் விவரத்துக்கு முரணாக வண்டியை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடை போடுகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பட்டறையில் முடிகிற வேலை காகிதத்தில் முடிவதில்லை. நாயுடு வாழ்க்கையிலும் இதே இடம் வரும், அங்கே போவோம்.

திருப்பூரில் சம்பாதித்தார், பம்பாயில் விட்டார்

பைக்கைக் கழற்றியதோடு அவர் உடனே மெக்கானிக் ஆகிவிடவில்லை. நடுவில் ஒரு பஞ்சு வியாபாரக் கட்டம் இருக்கிறது. பலர் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள். திருப்பூர்க்காரர்கள் தாண்டக் கூடாது.

முதல் உலகப் போர் நடந்த நேரம். திருப்பூரில் அப்போது பனியன் கம்பெனி எதுவும் இல்லை. ஊர் பருத்திச் சந்தையாக இருந்தது. சுற்று வட்டாரக் கரிசல் காட்டில் விளையும் பருத்தி வண்டி கட்டி இங்கே வரும். ஜின்னிங் ஆலையில் கொட்டையைப் பிரித்து, பஞ்சைப் பொதியாக அழுத்தி, ரயிலில் ஏற்றுவார்கள். நாயுடு இங்கே வந்து ஜின்னிங் தொழிலில் இறங்கினார். போர்க்காலத்தில் பருத்தி விலை ஏறியது. லட்ச ரூபாய்க்கு மேல் சம்பாதித்தார் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அந்தக் காலத்து லட்சம்!

அந்தப் பணத்தோடு பம்பாய்க்குப் போனார். அங்கே பருத்தி வியாபாரம் வேறு மாதிரி. பொதியைக் கண்ணால் பார்க்காமலே விலையின் மேல் பந்தயம் கட்டும் ஊர் அது. பெரிய வியாபாரிகளோடு மோதினார், மொத்தத்தையும் இழந்தார். கையில் எதுவும் இல்லாமல் கோயம்புத்தூர் திரும்பினார்.

என் பார்வையில் அவர் வாழ்க்கையின் முக்கியமான திருப்பம் இதுதான். கழற்றிப் பார்க்க முடிகிற பொருளில் அவர் தோற்றதே இல்லை. கழற்ற முடியாத விஷயங்களில், அதாவது சந்தை, தேர்தல், வரி, லைசென்ஸ் என்று வந்தால், திரும்பத் திரும்ப முட்டிக்கொண்டார்.

ஒரு பஸ், ஒரு டிரைவர், ஒரு முதலாளி: மூன்றும் ஒரே ஆள்

கோவையில் ராபர்ட் ஸ்டேன்ஸ் பெரிய தொழிலதிபர். பஞ்சாலை, காபி, மோட்டார் என்று பல தொழில்கள். நஷ்டப்பட்டுத் திரும்பிய நாயுடு அவரிடம் போய்ச் சேர்ந்தார். இந்த ஆளுக்கு இன்ஜின் புரிகிறது என்று ஸ்டேன்ஸ் கண்டுகொண்டார். சம்பளத்துக்கு வைத்துக்கொள்வதைவிட சொந்தமாக பஸ் ஓட்டச் சொல்வது நல்லது என்று முடிவு செய்தார். பஸ் விலை 8,000 ரூபாய். அதில் 4,000 ரூபாயை ஸ்டேன்ஸ் கடனாகக் கொடுத்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

1920-ல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே அந்த பஸ் ஓட ஆரம்பித்தது. ஓட்டியது நாயுடுவேதான். ரூட்டைக் கவனியுங்கள். பழநிக்கு வருடம் முழுக்க முருக பக்தர்கள் போவார்கள். தைப்பூசம், பங்குனி உத்திரம் என்றால் கேட்கவே வேண்டாம். சீட்டு காலியாகப் போகும் வாய்ப்பு குறைவு. வண்டி நின்றால் இறங்கிச் சரி செய்ய டிரைவருக்கே தெரியும் என்பது இன்னொரு லாபம். ஒர்க்‌ஷாப்பும் உதிரி பாகக் கடையும் இல்லாத காலத்தில் ஒரு பஸ் கம்பெனி பிழைப்பதும் சாவதும் அதை வைத்துத்தான்.

யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சுருக்கமாக யூ.எம்.எஸ். சில வருடங்களிலேயே பஸ்களின் எண்ணிக்கை நூறுகளில் போனது. சொன்ன நேரத்துக்குக் கிளம்பும் என்று பெயர் எடுத்தது. பஸ்களைப் பராமரிக்கச் சொந்தப் பட்டறை வைத்தார். அந்தப் பட்டறைதான் பிறகு அவர் செய்த எல்லாவற்றுக்கும் நாற்றங்கால்.

இரண்டாம் உலகப் போர் வந்தபோது பஸ் தொழிலுக்கே சோதனை வந்தது. பெட்ரோல் ரேஷன். தமிழ்நாடு முழுக்க பஸ்கள் கரி வாயுவுக்கு மாறின. வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் 'கரி பஸ்' பற்றிக் கேட்டுப் பாருங்கள். வண்டிக்குப் பின்னால் பெரிய டிரம். அதற்குள் அடுப்புக்கரியை அரைகுறைக் காற்றில் எரிய விடுவார்கள். முழுசாக எரியாததால் கார்பன் மோனாக்சைடு வாயு வரும். அதைக் குளிர வைத்து, சாம்பலை வடிகட்டி, குழாய் வழியாக இன்ஜினுக்குக் கொண்டுவருவார்கள். கார்புரேட்டரின் வேலையை ஒரு கலப்பான் செய்யும், வாயுவும் காற்றும் மேனிஃபோல்டு வாசலில் கலந்து உள்ளே போகும். இன்டேக்கை மாற்றினால் எரிபொருளையே மாற்றலாம் என்பதற்கு நம் ஊர் பார்த்த பெரிய உதாரணம் இதுதான். இழுவை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். காலையில் வண்டியைக் கிளப்ப கிளீனர் முன்கூட்டியே வந்து கனலை ஊத வேண்டும். மேடு வந்தால் ஜனங்கள் இறங்கித் தள்ளுவார்கள்.

பஸ்ஸில் இருந்து மோட்டாருக்கு

1930-களில் கொங்கு நாட்டின் முகமே மாறியது. நீலகிரியில் பைகாரா நீர்மின் நிலையம் 1932-ல் உற்பத்தியைத் தொடங்கியதும் கோவை, திருப்பூர் வட்டாரத்துக்கு மலிவாக மின்சாரம் வந்தது. பஞ்சாலைகள் வரிசையாக முளைத்தன. தோட்டத்துக் கிணறுகளில் கவலை ஓட்டிய மாடுகளுக்கு ஓய்வு கிடைக்கும் காலம். ஆனால் மோட்டார்? எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. கெட்டுப்போனால் பாகம் கப்பலில் வர வேண்டும்.

பீளமேட்டில் நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸ் என்ற பட்டறையில் 1937-ல் ஒரு மோட்டார் தயாரானது. இந்தியாவில் தயாரான முதல் எலக்ட்ரிக் மோட்டார் என்று இதைத்தான் குறிப்பிடுகிறார்கள். இதில் நாயுடுவோடு இருந்தவர் டி.பாலசுந்தரம் நாயுடு. பிறகு டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தொடங்கி, பஞ்சாலை இயந்திரங்களையே உள்ளூரில் செய்து காட்டியவர் அவர். கோவையில் மோட்டாரும் பம்ப்செட்டும் செய்யும் தொழில் அங்கிருந்து கிளைவிட்டது. திருப்பூரில் இன்றைக்கு ஒரு சந்துக்குள் நுழைந்தால் மோட்டார் காயில் கட்டும் கடை, லேத், நிட்டிங் மெஷின் ஃபிட்டர் எல்லாம் ஒரே வரிசையில் இருப்பார்கள். ஜெர்மனியில் இருந்து வந்த மெஷின் ஆனாலும் பாகம் போனால் இங்கேயே கடைந்து மாட்டும் தைரியம் இந்த வட்டாரத்துக்கு அப்போதே பழகிவிட்டது.

'எடிசன்' பட்டம் பொருந்தவில்லை என்று முதலில் சொன்னேன் இல்லையா? உலகத்தில் இல்லாத ஒன்றை உருவாக்குவதைவிட, வெளியில் இருந்து வந்ததைக் கழற்றி, புரிந்துகொண்டு, நம் ஊர் விலைக்கும் நம் ஊர் தேவைக்கும் ஏற்ப மாற்றுவதில்தான் நாயுடு கெட்டிக்காரர். அது குறைந்த வேலை கிடையாது. அதற்கு வேறு பெயர் வேண்டும், அவ்வளவுதான்.

பட்டியல் நீளம். உலர் பேட்டரியில் ஓடும் ஷேவிங் ரேசர், பெயர் 'ரசன்ட்'. மெல்லிய ஷேவிங் பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் ஃபேன், கேமராவுக்கு தூரம் சரிபார்க்கும் கருவி. 1936 தேர்தலில் சுயேச்சையாக நின்று தோற்றவர், பிறகு தில்லுமுல்லு செய்ய முடியாத ஓட்டுப்பதிவு எந்திரம் ஒன்றையும் செய்தார். (தோற்றவர்கள் எந்திரத்தைக் குறை சொல்லும் காலத்தில் இருக்கிறோம். தோற்றவரே எந்திரம் செய்தது இங்கேதான்.) 1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று அறிவித்தார். ஐரோப்பாவுக்குப் பலமுறை போனார், ஜெர்மனிப் பட்டறைகளைச் சுற்றிப் பார்த்தார். 1936-ல் லண்டனில் நடந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைச் சொந்தக் கேமராவில் படம் பிடித்தார். தோட்டத்தில் பருத்தி, சோளம், பப்பாளியில் புது ரகங்கள் முயன்றார். சர் சி.வி.ராமனும் விஸ்வேஸ்வரய்யாவும் வந்து பார்த்த தோட்டம் அது.

2,000 ரூபாய் கார்

1952. நாயுடு இரண்டு பேர் உட்காரும் ஒரு பெட்ரோல் காரைச் செய்தார். விலை 2,000 ரூபாய் என்று கணக்குப் போட்டார். பஸ் டிக்கெட் வாங்கவே யோசிக்கும் நாட்டில், நடுத்தரக் குடும்பம் தொட்டுப் பார்க்கக்கூடிய விலை.

அரசு அனுமதி கிடைக்கவில்லை.

ஏன்? அந்த வருடத்தைப் பார்க்க வேண்டும். 1951-ல் நிறைவேறிய தொழில்கள் மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் 1952 மே மாதம் அமலுக்கு வந்தது. பட்டியலில் உள்ள தொழில்களில் புதிதாக ஆலை தொடங்க டெல்லியில் லைசென்ஸ் வாங்க வேண்டும். மோட்டார் வாகனமும் அந்தப் பட்டியலில் இருந்தது. கல்கத்தா பக்கம் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்டு என்று சில கம்பெனிகள் ஏற்கெனவே களத்தில் இருந்தன. அந்நியச் செலாவணி குறைவு, எஃகு குறைவு. இருக்கும் கொஞ்சத்தை எல்லோருக்கும் பிரித்தால் யாரும் உருப்பட மாட்டார்கள் என்பது அரசின் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒரு காரைப் பட்டறையில் கையால் செய்வது வேறு, மாதம் ஆயிரம் கார் செய்வது வேறு. தகடு அழுத்தும் டை, வார்ப்படச் சாலை, உதிரி பாகம் தரும் நூறு சின்னக் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்தால்தான் 2,000 ரூபாய் என்ற கணக்கு நிற்கும். நாயுடுவுக்கு அந்த அளவு முதலீடு எங்கிருந்து வந்திருக்கும்? நியாயமான கேள்விதான். ஆனால் முயன்று பார்த்துத் தோற்கும் வாய்ப்புகூட அவருக்குக் கிடைக்கவில்லை. பெரிய எண்ணிக்கையில் ஒரு சின்ன கார் இந்தியச் சாலைக்கு வந்தது மாருதி 800-ல்தான், 1983 டிசம்பரில். நாயுடு இறந்து ஒன்பது வருடம் கழித்து.

வரியிலும் இதே மோதல். போர்க்காலத்தில், 1940-ல், வெள்ளைக்கார அரசு அதிக லாப வரியைக் கொண்டுவந்தது. சம்பாதிப்பதில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டால் எதை வைத்து அடுத்த பொருளைச் செய்வது என்பது நாயுடுவின் கோபம். சுதந்திரத்துக்குப் பிறகும் அந்தக் கோபம் குறையவில்லை. 1950-களில் கோவையில் ஜனங்கள் முன்னிலையில் தான் செய்த கருவிகள் சிலவற்றைத் தானே உடைத்துப் போட்டார்.

அந்தச் செயலை வீரம் என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாழ்நாள் முழுக்க ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொலைக்காமல் கழற்றி மாட்டிய கை, சுத்தியலை எடுத்தது. டெல்லியில் இருந்தவர்களுக்கு அது உறைத்ததாகவும் தெரியவில்லை. வரி குறையவும் இல்லை. நஷ்டம் முழுக்க நமக்குத்தான்.

இரண்டு வருஷம் போதும்

அவர் கட்டிய இன்னொரு எந்திரம் பள்ளிக்கூடம். வாத்தியார் கண்ணில் மண் தூவியவர் கல்லூரி கட்டினார் என்றால் சிரிப்பு வரலாம். 1945-ல், அன்றைய சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில், கோவையில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தொடங்க இடமும் பணமும் கொடுத்தார். மூன்றாம் வகுப்பு படித்தவர் அதற்கு முதல்வராகவும் இருந்தார்.

அங்கேயும் சண்டை வந்தது. இன்ஜினீயரிங் படிக்க நான்கு வருடம் தேவையில்லை, இரண்டு வருடமே அதிகம் என்றார். அவர் கணக்கு இதுதான்: பையன் கையில் மெஷினைக் கொடுத்தால் பாதி பாடம் தானாக வரும், கரும்பலகையில் எழுதி எழுதி வருடத்தை வீணாக்குகிறோம். அரசு ஒப்புக்கொள்ளவில்லை. அவர் முதல்வர் பதவியை விட்டு விலகினார். பிறகு சொந்தமாகத் தொழிற்பயிற்சிகள் நடத்தினார்.

இந்த விஷயத்தில் யார் சரி என்று இரண்டு பக்கமும் பேசலாம். கணிதமும் வெப்ப இயக்கவியலும் தெரியாமல் இன்ஜெக்டர் எத்தனை மில்லி விநாடி திறந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட முடியாது. அதே நேரம், நான்கு வருடம் மெக்கானிக்கல் படித்து முடித்தும் ஒரு கார்புரேட்டரைக் கையால் தொடாதவர்கள் எத்தனை பேர் என்று திருப்பூர் பட்டறைக்காரர்களைக் கேட்டால் நிறையச் சொல்வார்கள். நாயுடு சொன்ன இரண்டு வருடம் சரியா என்பதைவிட, அந்த இரண்டு வருடமும் எங்கே கழிய வேண்டும் என்று அவர் சொன்னது முக்கியம் என்று நினைக்கிறேன்.

கடைசிக் காலம் வரை அவர் சும்மா இருக்கவில்லை. 1967-ல், 74 வயதில், அஸ்திவாரம் முதல் கூரை வரை ஒரு வீட்டை எட்டு மணி நேரத்தில் கட்டிக் காட்டினார். 1974 ஜனவரி 4 அன்று இறந்தார். அவர் செய்ததும் சேகரித்ததும் கோவை அவிநாசி சாலையில் உள்ள அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பக்கத்திலேயே அவர் பெயரிலான அறக்கட்டளை நடத்தும் கார் மியூசியமும் இருக்கிறது. திருப்பூரில் இருந்து பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரப் பயணம்.

அவர் முதல்வராக இருந்து விலகிய கல்லூரி 1950-ல் தடாகம் சாலைக்கு இடம் மாறியது. இப்போது அதன் பெயர் அரசு தொழில்நுட்பக் கல்லூரி, மாணவர்களுக்கு ஜி.சி.டி. கலந்தாய்வில் நல்ல கட்-ஆஃப் வைத்திருப்பவர்கள் தேடிப் போகும் இடம். அங்கே பி.இ. மெக்கானிக்கல் இன்றைக்கும் நான்கு வருடம்தான்.